என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்

"நீங்க அல்லேலூயாவா?" என்று யாராவது கேட்டால், "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்றுதான் இப்போதெல்லாம் பதில் சொல்கிறேன். முன்பு அப்படி இல்லை. "கிறிஸ்டியன்தான், ஆனா..." என்று இழுப்பேன். அந்த 'ஆனா'வை விட்டுத் தொலைத்து ஆறேழு வருடம் ஆகிறது. பொட்டு வைப்பதில்லை. தோடு, வளையல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை, கையில் பைபிள் பை. கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரே பார்வையில் நான் யார் என்று எவருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். நான் எதையும் திருடிக்கொண்டு வரவில்லை.

பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில் இல்லை. அதனால் 'அரிசி மூட்டைக்கு மாறியவள்' என்ற பட்டமும் எனக்கு உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கோ சொல்வதுபோல் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, கீழே சிரிப்புப் பொம்மைகளை அடுக்குவார்கள். அடேயப்பா, என்ன தைரியம். எனக்கு யாரும் ஒரு படி அரிசி கொடுத்ததில்லை. ரேஷன் அரிசிக்கே வரிசையில் நின்று கைரேகை வைத்துத்தான் வாங்குகிறேன்.

எனக்குக் கிடைத்தது வேறு. மூன்றாவது முறையும் பிள்ளை தங்காமல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பெயரைக் கேட்டாள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, ஆண்டவரிடம் சண்டை போடுவதுபோல் ஜெபித்தாள். அன்று என் வீட்டு ஆட்கள் என்னை 'இவ', 'அவ' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் பெயரை எடுத்துக்கொண்டு கடவுளிடம் போகிறாள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் பிழைத்தது அதனால்தான்.

என் வீட்டுக்காரர் மாறவில்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஆயுத பூஜை அன்று பொரியும் பொட்டுக்கடலையும் கொண்டுவருவார், "உனக்குத்தான் ஆகாதே" என்று என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார். நான் சபைக்குப் போவதற்கு அவர் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. வியாழக்கிழமை மதியம் எங்கள் முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் கூடி ஜெபிப்பதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. தையல் மெஷின்களை மட்டும் ஓரமாகத் தள்ளி வைக்கச் சொல்வார். நான் ப்ளவுஸ் தைப்பவள். எங்கள் குடியிருப்பில் பாதிப் பெண்களின் அளவு என் நோட்டில் இருக்கிறது.

மேல்வீட்டில் இருப்பவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் இல்லை. ஒரே மகள். நாங்கள் இங்கே குடிவந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, கேக்கோடு இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதியையும் வைத்துக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். எனக்கு நல்லது செய்ததை நான் ஏன் நாலு பேருக்குச் சொல்லக் கூடாது? புது ஹோட்டலில் பிரியாணி நன்றாக இருந்தால் தெரு முழுக்கச் சொல்கிறவர்கள், நான் சொன்னால் மட்டும் முகத்தைச் சுளிப்பானேன்? டீச்சர் அதை இரண்டு நாள் வைத்திருந்து, சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். "நாலு இடத்துல ஒற்று விட்டுப்போச்சு அக்கா, அடுத்த தடவை அச்சடிக்கும்போது சரிபண்ணச் சொல்லுங்க" என்றார். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று சிரித்தோம். அதற்குப் பிறகு அவரிடம் நான் கைப்பிரதி கொடுக்கவில்லை. நவராத்திரிக்கு, சாமிக்குப் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் சுண்டலைத் தனியாக எடுத்து வைத்து, "இது படைக்காதது, நீங்க சாப்பிடலாம்" என்று மகளிடம் கொடுத்தனுப்புவார். என் சொந்தத் தங்கை இன்றுவரை எனக்காக அவ்வளவு யோசித்ததில்லை.

டீச்சரின் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்தான் தைக்கிறேன். யூனிஃபார்ம், கல்லூரிச் சுடிதார், பிறகு வேலைக்குப் போனதும் வாங்கிய முதல் பட்டுப் புடவைக்கு ப்ளவுஸ். பாதிநாள் என் வீட்டில்தான் காபி. "ஆன்ட்டி, கழுத்து இன்னும் கொஞ்சம் இறக்குங்க" என்பாள். "உங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்க" என்பேன். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இவ்வளவு வாய் இருக்குமா என்று நினைத்துக்கொள்வேன். போன வருடம் அவளுக்கு நிச்சயம் ஆனது. தை மாதம் கல்யாணம். ஆறு ப்ளவுஸ் என்னிடம் தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, டீச்சர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். பள்ளிக்குக் கிளம்பியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குச் சின்ன வயதில் இருந்த ஒரு உடம்புக் கஷ்டம் திரும்ப வந்துவிட்டதாம். என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள். இங்கேயும் எழுதப் போவதில்லை. "டாக்டர் முழுசாப் பாத்துச் சொன்னதும் மாப்பிள்ளை வீட்டுல நானே பேசிடுவேன். மறைக்க மாட்டேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். உங்க சாமிகிட்ட மட்டும் சொல்லுங்க அக்கா" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் ஜெபம் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

சொன்னேன்தான். எப்படிச் சொன்னேன் என்பதில்தான் வந்தது வினை. எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு சங்கிலி ஜெபம் உண்டு. வெள்ளிக்கிழமை காலை நாலு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு பன்னிரண்டு வரை, ஆளுக்கு அரை மணி நேரம். ஒருத்தி முடிக்கும்போது அடுத்தவள் தன் வீட்டில் முழங்கால் போடுவாள். இடையில் அறுந்து போகக் கூடாது. அன்றைய ஜெபக் குறிப்புகளை முதல் நாளே குழுவில் போட்டுவிட வேண்டும். இன்னார், இன்ன வயது, இன்ன வியாதி என்று தெளிவாக எழுத வேண்டும். 'ஒரு சகோதரிக்காக' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், குழுவை நடத்தும் அக்கா, பேர் எங்கே என்று திருப்பிக் கேட்பார். எனக்கு அதில் தப்பே தெரிந்ததில்லை. என்னையே ஒருத்தி பெயர் சொல்லித்தானே தூக்கிவிட்டாள்? எங்கள் அகராதியில் ஆண்டவரிடம் சொல்வது என்றால் நாற்பது பேராகச் சேர்ந்து சொல்வதுதான்.

ஐந்து வரி எழுதினேன். பெயர், வயது, வியாதி. கல்யாணம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று ஒரு வரி. மாப்பிள்ளை வீடு பள்ளிக்கரணை என்றுகூட எழுதினேன். ஆண்டவருக்கு விலாசம் தெரியாது பாருங்கள். நாற்பது பேரும் கும்பிட்ட கைகளைப் பதிலாகப் போட்டார்கள். எனக்கு ஏதோ பெரிய வேலையைச் செய்து முடித்த நிம்மதி.

எங்கள் குழுவில் ஒரு பெண் பள்ளிக்கரணையில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். அதில் ஒன்று மாப்பிள்ளை வீடு. அந்த வீட்டில் பத்திரிகை அச்சடித்து வந்திருந்தது, பெண்ணின் பெயரை அவள் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தன் அரை மணி நேரத்தை அழுது ஜெபித்துவிட்டு, சனிக்கிழமை காலை போய், மாப்பிள்ளையின் அம்மாவிடம் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறாள். பயப்படாதீங்கம்மா, உங்க மருமகளுக்காக நாங்க நாப்பது பேரு ஜெபிக்கிறோம் என்று. அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்காக என்று கேட்டிருக்கிறார். இவள் போனை எடுத்துக் காட்டிவிட்டாள்.

அவளை நான் திட்டவில்லை. திட்டத்தான் போனேன். "நான் இன்னா தப்பு பண்ணேன்கா? அந்தம்மா பயந்துகினு இருப்பாங்கோன்னு தைரியம் சொன்னேன்" என்று தேம்பினாள். அவளுக்கும் அந்த வேலை போயிருந்தது. அவளிடம் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. எனக்கும்தான் இல்லை. நல்ல எண்ணத்தோடு இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியிருந்தோம்.

மாப்பிள்ளை வீட்டில் போனிலேயே முடித்துக்கொண்டார்கள். வியாதிகூடப் பரவாயில்லை, மறைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை என்றார்களாம். இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தால் டீச்சரே போய்ச் சொல்லியிருப்பார். அந்த நாலு நாளை நான் பிடுங்கிக்கொண்டேன். ஞாயிறு மாலை டீச்சர் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"உங்க சாமிகிட்ட சொல்லுங்கன்னுதானே கேட்டேன்" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மன்னிச்சிடுங்க டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை.

"உங்க ஜெபக் குரூப்புல போட்டு எம் பொண்ணு வாழ்க்கையை ஊர் சிரிக்க வச்சிட்டீங்க. இனிமே அவ பேரை உங்க வாயால சொல்லாதீங்க. சாமிகிட்டகூடச் சொல்லாதீங்க."

படியேறிப் போய்விட்டார். அந்த ஆறு ப்ளவுஸும் என் அலமாரியில் இருந்தன. நாலு முடிந்திருந்தது, இரண்டுக்குக் கொக்கி வைக்க வேண்டியிருந்தது. அன்று இரவு நான் மெஷினில் உட்காரவில்லை. அன்றிலிருந்து ஜெபத்தில் அந்தப் பெண்ணின் இடம் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன். பெயர் சொல்லாமல் ஜெபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

டீச்சர் அழுதது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. ஜெபக் குரூப், கல்யாணம் நின்றது, இந்த இரண்டு மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்தது. போதாதா? மறுநாளே எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் குடியிருப்புக் குழுவில் ஒரு நீளமான செய்தி போட்டார். ரிட்டையர் ஆனவர், நேரம் நிறைய இருக்கிறது. ஜெபம் என்ற பெயரில் நம் வீட்டுப் பெண்களைக் குறிவைக்கிறார்கள், மதம் மாறாமல் கல்யாணம் செய்தால் சாபம் என்று மிரட்டி அந்தக் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்கள், விழித்துக்கொள்ளுங்கள் என்று. சாபமாம். அந்தப் பெண்ணின் கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி எம்பிராய்டரி செய்யக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

இந்தச் செய்தி எங்கள் பாஸ்டரிடமும் போய்ச் சேர்ந்தது. அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனால் இருந்தது. "இது உபத்திரவம் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுங்க, லைவ்ல எல்லாரும் பாக்கட்டும்" என்றார். உபத்திரவம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெற்கே ஒரு கிராமத்தில் கைப்பிரதி கொடுக்கப் போய் அடி வாங்கிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பட்டணத்தில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போக, கையில் பைபிளைப் பார்த்ததும் 'வேற ஆள் வந்துட்டாங்க' என்று ஓனர் கதவைச் சாத்திய அனுபவம் எங்கள் சபையில் பாதிப் பேருக்கு உண்டு. அதெல்லாம் உபத்திரவம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததற்குப் பெயர் அது இல்லை.

எங்கள் சபை மேற்குத் தாம்பரத்தில் டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு ஹால். சாட்சி நேரத்தில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் எழுந்து, யார் என்னவென்று சொல்லாமல், ஒரு தாய் நம்பிச் சொன்னதை ஜெபக் குறிப்பாக ஊருக்கு எழுதிக் காட்டிக்கொடுத்தேன் என்று சொன்னேன். நம்மை ஒருவரும் துன்பப்படுத்தவில்லை, நாம்தான் ஒரு குடும்பத்தைத் துன்பப்படுத்தியிருக்கிறோம் என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமை குறிப்புகளில் இனிப் பெயரும் வியாதியும் வேண்டாம், ஆண்டவருக்கு நம் வாட்ஸ்அப் தேவையில்லை என்றேன். கீபோர்டு மெல்ல ஒலிக்கத் தொடங்கியது. சாட்சி நீண்டுவிட்டால் எங்கள் சபையில் அப்படித்தான் வாசிப்பார்கள், பேசுகிறவர் முடித்துக்கொள்ள வேண்டும். நான் முடிக்கவில்லை. இரண்டு பாட்டுக்கு உண்டான வாசிப்பு போயிற்று. பிறகு பார்த்தால், யூடியூபில் ஏற்றிய வீடியோவில் நான் பேசிய பகுதியே இல்லை. பாஸ்டர் ஒரு மாதம் என்னிடம் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. அதற்காகச் சபையை விட்டுவிடுவேனா? அது அவருடைய சபை மட்டும் இல்லை. அடுத்த ஞாயிறும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

சங்கக் கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நடந்தது. முப்பது பேர் இருக்கும். முக்கால்வாசிப் பேர் என்னிடம் துணி தைப்பவர்கள், ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை. டீச்சர் கடைசி வரிசையில் இருந்தார், மகள் வரவில்லை. செயலாளர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். இனி எந்த வீட்டிலும் வெளியாட்களைக் கூட்டி ஜெபம் நடத்தக் கூடாது, மதம் மாற்றும் நோக்கத்தோடு செய்தி அனுப்பியதற்கு நான் வருத்தம் தெரிவிக்கிறேன், கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்து ஃப்ளாட்டில் பஜனை நடக்கிறதே என்று கேட்டேன். அது வேறு என்றார்.

அப்படி ஒரு வார்த்தை நான் எழுதவே இல்லை என்றேன். உடனே ஒருவர், "அப்போ மெசேஜைக் காட்டுங்க, பாத்துடலாம்" என்றார். ஆமாம், காட்டச் சொல்லுங்கள் என்று நாலு பக்கமிருந்தும் குரல்.

போன் என் மடியில்தான் இருந்தது. அந்த ஐந்து வரியும் அதில் இருந்தது. மதம் என்ற சொல்லே அதில் கிடையாது. காட்டினால் அந்த இடத்திலேயே செயலாளரின் முகம் தொங்கிப்போகும், என் மீதிருந்த பழி துடைக்கப்படும். ஆனால் இந்த முப்பது பேருக்கும் அந்தப் பெண்ணின் வியாதி தெரிந்துவிடும். பள்ளிக்கரணை வீட்டுக்கும் எங்கள் சங்கிலிக்கும் தெரிந்தது, இந்தக் கட்டடத்துக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு இன்னொரு வரன் வந்தால் விசாரிக்க வருவது இங்கேதான்.

என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். "காமிச்சுட்டு வந்துடேன், இன்னாத்துக்கு பேஜாரு" என்று முணுமுணுத்தார். நான் போனைத் திருப்பி வைத்துவிட்டு, காட்ட முடியாது என்றேன். அப்படியானால் உண்மைதான் என்று யாரோ சொன்னார்கள். செயலாளர் என்னை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணைப் பத்தி இவங்க என்ன எழுதியிருந்தாங்க?"

எல்லாத் தலைகளும் திரும்பின. டீச்சர் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். ஐந்தாறு பிரிவு மாணவர்களை ஒரே அதட்டலில் உட்காரவைக்கும் மனுஷி, தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"அவங்களைக் கேக்காதீங்க சார். மதம் மாத்தத்தான் எழுதினேன். அதைத் தவிர அதுல வேற ஒண்ணும் இல்ல. போதுமா? எழுதிக்கோங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒத்துக்கொள்கிறீர்களா என்று செயலாளர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். தாளை நீட்டினார். கையெழுத்துப் போட மாட்டேன், வியாழக்கிழமை ஜெபமும் நிற்காது, வேண்டுமானால் போலீசில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். அந்த ஐந்து வரியையும் போனிலிருந்து அழித்தேன். என் கையில் இருந்த ஒரே சாட்சி அது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது டீச்சர் படியேறிக்கொண்டிருந்தார். என் வாசலில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இன்றுவரை பேசவும் இல்லை. பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் அவருக்கு இல்லை.

குடியிருப்பில் இப்போது நான் மதம் மாற்றுகிறவள் என்பது ஏட்டில் எழுதப்பட்ட விஷயம். தைக்க வருபவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். வியாழக்கிழமை மூன்று பேர்தான் வருகிறோம், சமையல் வேலை போனவளும் அதில் ஒருத்தி. கதவைத் திறந்து வைத்தே ஜெபிக்கிறோம்.

நான் சொன்னது பொய். இரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து, ப்ளவுஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் தவிர வேறு யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை. தினமும் காலையில் முழங்காலில் நின்று, செய்த தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என் வழக்கம். அந்த ஐந்து வரிகளை எழுதியதற்கு இன்றும் கேட்டேன், நாளைக்கும் கேட்பேன். அந்தப் பொய்க்கு மட்டும் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.